அகழிக்குள் யார் வீடு?

'அகழ்' என்றால் தோண்டு. அந்த ஒரு வினையிலிருந்து நமக்கு இரண்டு சொற்கள் கிடைத்திருக்கு. ஒன்று அகழி, மற்றது அகழாய்வு. அகழி வெட்டியவர் தன் வீட்டைச் சுற்றி வெட்டினார். அகழாய்வுக்காரர் அந்த வீடு மண்ணுக்குள் போன பிறகு வந்து வெட்டுகிறார். சிங்களத்தில் அகழிக்கு 'அகல' என்பார்கள், 'திய அகல' என்றால் நீர் நிற்கும் அகழி. யாரிடமிருந்து யார் எடுத்தது என்ற சண்டைக்கு நாங்கள் இங்கே போகப்போவதில்லை. இரண்டு மொழிக்காரரும் பக்கத்துப் பக்கத்தில் நின்று பள்ளம் தோண்டியிருக்கிறார்கள், அது தெரிந்தால் போதும்.

அகழி என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வருது? ராஜா, கோட்டை, முதலை. சரித்திர நாவல் படித்தவர்களுக்கு இரவில் நீந்திப் போகும் ஒற்றனும் சேர்ந்து வருவான். யாழ்ப்பாணம் போய்வந்தவர்களுக்கு ஒல்லாந்தர் கோட்டையைச் சுற்றியுள்ள அகழி, தமிழ்நாடு போய்வந்தவர்களுக்கு வேலூர்க் கோட்டை அகழி. எல்லாமே பெரிய ஆட்களின் பள்ளம். வீட்டுக்கு அகழி வெட்டிக்கொண்ட குடியானவன் ஒருவனை நாம் கதையிலும் பார்த்ததில்லை, பாடப்புத்தகத்திலும் பார்த்ததில்லை.

ஆனால் மத்தியகால இங்கிலாந்தில் அப்படிப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அங்கே இதுவரை அடையாளம் கண்ட அகழி சூழ்ந்த மனைகள் மட்டும் ஏறத்தாழ 6,000. மிகப் பெரும்பாலானவை 1250க்கும் 1350க்கும் இடைப்பட்ட நூறு ஆண்டுகளில் வெட்டப்பட்டவை. நாட்டின் நடுப்பகுதியிலும் கிழக்கிலும், அதாவது சஃபோக், எசெக்ஸ் மாதிரியான களிமண் பூமிகளில், அவை குவிந்து கிடக்கின்றன. அயர்லாந்திலும், கடல் தாண்டி பெல்ஜியம், நெதர்லாந்துப் பக்கத்திலும் உண்டு. சதுரமாகவோ நீள்சதுரமாகவோ ஒரு பள்ளம், நடுவில் தீவு மாதிரி ஒரு திடல், திடல்மேல் ஒரு வீடு, கொட்டில், தானியக் களஞ்சியம். கெண்ட் மாவட்டத்தில் இக்டம் மோட் என்ற 14ஆம் நூற்றாண்டு வீடு இன்றைக்கும் தண்ணீருக்கு நடுவில் அப்படியே நிற்கிறது. ஆனால் அது பணக்கார வீடு, அதனால்தான் நிற்கிறது. மற்றவற்றில் பெரும்பாலானவற்றின் வீடு போய்விட்டது, பள்ளம் மட்டும் மாடு மேயும் வயலுக்கு நடுவில் சதுரக் குட்டையாகக் கிடக்கிறது.

இதையெல்லாம் வெட்டியவர்கள் யார்? சின்னச் சின்ன ஊர்ப் பிரபுக்கள், மடாலயங்களின் பண்ணைகள், கொஞ்சம் கையில் காசு சேர்ந்த சுதந்திரக் குடியானவர்கள். ஏன் வெட்டினார்கள் என்பதுதான் சுவாரசியமான கேள்வி. பாதுகாப்புக்கு என்று முதலில் தோன்றும். மாட்டுத் திருடனையும் இரவு வழிப்போக்கனையும் தடுக்க அது உதவியிருக்கும், சரி. ஆனால் படை வந்தால்? பல அகழிகள் மூன்று பக்கம் மட்டும்தான் இருக்கின்றன, நாலாவது பக்கம் திறந்து கிடக்கிறது. எந்தப் படைத்தளபதியும் சிரித்துக்கொண்டே அந்தப் பக்கமாக உள்ளே வந்திருப்பான். அதனால் ஆய்வாளர்கள் வேறு காரணங்களைச் சேர்த்தார்கள். களிமண்ணில் தண்ணீர் வடியாது, பள்ளம் வெட்டினால் வீட்டுத்தரை காயும். மீன் வளர்க்கலாம். கூரை வேய்ந்த வீடு தீப்பிடித்தால் தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில். இதெல்லாவற்றுக்கும் மேலே அந்தஸ்து. கோட்டைப் பிரபுவுக்கு அகழி இருக்கு, நானும் ஆள்தான், எனக்கும் இருக்கட்டும். நம்ம ஊரில் புதுவீடு கட்டினால் வீட்டைவிடப் பெரிய கேற் வைப்பார்களே, அதேதான்.

1348இல் கொள்ளை நோய் இங்கிலாந்துக்கு வந்தது. ஆட்கள் செத்தார்கள், கூலி ஏறியது, நிலத்துக்கான போட்டி அடங்கியது. புது அகழி வெட்டுவதும் குறைந்தது.

இந்தப் பள்ளங்கள் தொல்லியலுக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், அகழி என்பது வீட்டின் குப்பைத்தொட்டி. திடல்மேல் இருந்த வீட்டை யாராவது இடிப்பார்கள், கல்லைக் கொண்டுபோவார்கள், மேலே ஏர் ஓட்டுவார்கள். பள்ளத்துக்குள் விழுந்தது அங்கேயே கிடக்கும். தண்ணீருக்கடியில் சேற்றுக்குள் காற்று போகாது, காற்று போகாத இடத்தில் மரமும் தோலும் விதையும் சீக்கிரம் மக்காது. எனவே மேட்டில் கிடைக்காத செருப்புத் தோல், மரக் கிண்ணம், பாலத்தின் தூண், பழக்கொட்டை எல்லாம் பள்ளத்தில் கிடைக்கும். பூந்தாது மகரந்தம்கூட அடுக்கடுக்காகப் படிந்திருக்கும், சுற்றுவட்டாரத்தில் காடு எப்போது குறைந்தது, வயல் எப்போது கூடியது என்பதை அதை வைத்துச் சொல்லலாம். அந்த வீட்டில் என்ன சமைத்தார்கள் என்று எந்த அரச சாசனமும் எழுதி வைக்காது. மீன் முள்ளும் எலும்பும் சொல்லும்.

இதில் ஒரு பொறியும் இருக்கு. அகழியைச் சும்மா விட்டால் தூர்ந்துவிடும், அதனால் வீட்டுக்காரர்கள் அடிக்கடி தூர் வாருவார்கள். அப்போது பழைய குப்பையும் சேர்ந்து வெளியே போய்விடும். ஆகவே அடிச்சேற்றில் கிடைக்கும் பானை ஓடு, அகழி வெட்டிய காலத்தைச் சொல்லாது, கடைசியாகத் தூர் வாரிய பிறகு வந்த காலத்தைத்தான் சொல்லும். வெட்டிய காலம் வேண்டுமென்றால் திடலுக்கு அடியில் பார்க்க வேண்டும். பள்ளத்திலிருந்து எடுத்த மண்ணைத் திடலில் கொட்டி மேடாக்கினார்கள் அல்லவா, அந்த மண் ஒரு மூடி மாதிரி பழைய நிலத்தை மூடிவிடுகிறது. மூடிக்குக் கீழே கிடக்கும் ஓடுகள் அகழிக்கு முந்தியவை. ஆக, ஒரு பள்ளத்தின் வயதை அறிய அதன் பக்கத்து மேட்டைத் தோண்ட வேண்டும். எங்களுக்கு இந்த விஷயம் ரொம்பப் பிடித்தது.

இப்போ நம்ம நாட்டுக்கு வருவோம். இலங்கையில் அகழிக்குப் பஞ்சமில்லை. எங்க மாத்தளை மாவட்டத்திலேயே சீகிரியா இருக்கு, காசியப்பனின் 5ஆம் நூற்றாண்டு அகழிகளும் மதில்களும். யாப்பஹுவ, 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் முதலாம் புவனேகபாகுவின் தலைநகர். பாறையைச் சுற்றி வளைந்து போகும் அகழியும் மதிலும் இன்றும் தெரிகின்றன. அங்கே தோண்டியபோது சீன நாணயங்களும் சீன மட்பாண்டங்களும் கிடைத்தன. கோட்டே, 14ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தியைத் தடுக்க அழகேஸ்வரன் கட்டியது. ஊர்ப் பெயரே நம்ம 'கோட்டை'தான். அதன் அகழியின் பல இடங்களில் இப்போ வீடுகளும் வீதிகளும்.

மத்தியகாலத்தில் 'அகழிக்குள் வீடு' என்பதற்கு மிக அருகில் வருவது குருநாகல் மாவட்டத்தின் பண்டுவஸ்நுவர. முதலாம் பராக்கிரமபாகு பொலனறுவையில் முடிசூடுவதற்கு (1153) முன்னால் தக்கிண தேசத்தை ஆண்டபோது பராக்கிரமபுரம் என்று அவன் அமைத்த நகர் அதுதான் என்கிறார்கள். மதில், அகழி, உள்ளே அரண்மனையின் செங்கல் அத்திவாரம். பொலனறுவை அரண்மனையைப் பார்த்துவிட்டு இங்கே வந்தால், ஒரே ஆளின் கை இது என்று பட்டுவிடும். அரண்மனைக்கு அப்பால் இன்னொன்று இருக்கு: வட்டமான ஒரு அகழி, வட்டமான மதில், நடுவில் சின்னதாக ஒரு கட்டடத்தின் அடித்தளம்.

இந்த வட்டத்தைக் காட்டி ஊரில் சொல்லும் கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும். பண்டுவாசுதேவனின் மகள் சித்திரா, பேரழகி. பார்த்தவர்களுக்குப் பைத்தியம் பிடிக்குமாம், அதனால் உன்மாத சித்திரா. அவள் வயிற்றில் பிறக்கும் மகன் மாமன்மாரைக் கொல்வான் என்று சோதிடம். பத்து அண்ணன்மாரும் பயந்துபோய் அவளை ஒற்றைத்தூண் மாளிகையில் அடைத்து வைத்தார்கள். இருந்தும் மகன் பிறந்தான், பண்டுகாபயன், பிறகு அநுராதபுரத்தை ஆண்டான். மகாவம்சம் சொல்லும் கதை இது. 'எக்டம் மாளிகை' இதுதான் என்று அந்த வட்டத்தைக் கைகாட்டுவார்கள்.

நல்ல கதைதான். ஆனால் சித்திராவின் காலம் என்று மரபு சொல்வது கிறிஸ்துவுக்கு முன் சில நூற்றாண்டுகள். அந்த மண்ணில் நிற்கும் நகரோ 12ஆம் நூற்றாண்டு. இடையில் ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு மேல். பண்டுவாசுதேவன், பண்டுவஸ்நுவர என்ற பெயர் ஒற்றுமை போதுமாக இருந்திருக்கு, கதை வந்து அகழிக்குள் குடியேறிவிட்டது. அந்த வட்டம் சக்கரவாளத்தின், அதாவது உலக வட்டத்தின், உருவம் என்றும், பராக்கிரமபாகு தன்னைச் சக்கரவர்த்தியாகக் காட்டிக்கொள்ளும் சடங்குக்காக அமைத்தது என்றும் ஒரு விளக்கம் உண்டு. எங்களுக்கு இந்த இரண்டாவது விளக்கம் கூடுதல் நியாயமாகப் படுகிறது, ஏனென்றால் அது அந்த நூற்றாண்டோடு பொருந்துகிறது. ஆனாலும் பாருங்க, கதையும் ராஜகுடும்பம், விளக்கமும் ராஜா. அந்த நகருக்கு வெளியே விவசாயம் செய்தவன் எங்கே படுத்தான், அகழியைத் தோண்டியவர்களுக்குச் சோறு எங்கே வெந்தது என்ற கேள்வி இரண்டிலும் இல்லை.

நம்ம நாட்டில் தோண்டுபவர்கள் இன்னும் ஒரு வகை இருக்கிறார்கள், புதையல் தேடுபவர்கள். அவர்களும் ராஜாவைத்தான் நம்புகிறார்கள். குடியானவன் வீட்டில் புதையல் இருக்காது என்று அவர்களுக்கு நல்லாத் தெரியும்.

சாதாரண ஆட்களின் வீட்டைத் தேடிய தொல்லியல் இங்கே நடக்கவே இல்லையா என்றால், நடந்திருக்கு, அதுவும் எங்க மாவட்டத்தில். 1980களின் கடைசியில் சேனக பண்டாரநாயக்கவும் கூட இருந்தவர்களும் சீகிரியா, தம்புள்ளைச் சுற்றுவட்டாரத்தைக் கால்நடையாக அளந்தார்கள். பாறையை விட்டுவிட்டு, பாறையைச் சுற்றியிருந்த கிராமங்களையும் குளங்களையும் பார்த்தார்கள். இப்பன்கட்டுவவின் பெருங்கற்கால ஈமக்காடு, இரும்பு உருக்கிய உலைகள், ஊர்த் திடல்கள். காசியப்பன் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அங்கே உழைக்கும் சனம் நிறைய இருந்திருக்கு என்பது இந்த வேலையால் தெளிவாச்சு. சீகிரியாவுக்கு வருகிற சுற்றுலாப் பயணிகளில் எத்தனை பேர் இரும்பு உலைகளைப் பற்றிக் கேட்டுவிட்டுப் போகிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசைதான்.

தாய்லாந்தின் வடகிழக்கிலும் இப்படியொரு திருப்பம் நடந்தது. மூன் ஆற்றுச் சமவெளியில் இரும்புக்கால ஊர்களைச் சுற்றி அகழி அகழியாக இருக்கு. கோட்டை என்று நினைத்தார்கள். தோண்டிப் பார்த்தபோது அவை ஓடைகளோடு இணைந்திருந்தன, தண்ணீரைத் தேக்கிப் பங்கிடுவதற்கான ஊரின் ஏற்பாடு. போர்வீரனைத் தேடிப் போன இடத்தில் விவசாயி கிடைத்தான்.

யட்டவத்தயில் அகழி வீடு கிடையாது. அதற்குக் காரணம் சிம்பிள், இது சரிவு நிலம். அகழிக்குச் சமதரை வேண்டும், சரிவில் பள்ளம் வெட்டினால் தண்ணீர் நிற்காது, ஓடும். கண்டி இராச்சியத்துக்கு மலையும் காடும்தான் அகழி, போதாக்குறைக்குப் பாதைகளில் முள்படல் கதவு போட்டுக் காவல் வைத்தார்கள். கடவத்த என்ற ஊர்ப் பெயர்கள் அந்த மாதிரிக் காவல் வாசல்களின் மிச்சம். 1660இல் பிடிபட்டுப் பத்தொன்பது வருஷம் மலைநாட்டில் கிடந்த ரொபர்ட் நொக்ஸ், சனங்களின் வீடுகளைப் பற்றி எழுதியிருக்கிறார்: கம்பு நட்டுக் களிமண் பூசிய தாழ்ந்த குடில்கள், ஒரு தட்டுக்கு மேல் கட்டக் கூடாது, ஓடு போடக் கூடாது, சுண்ணாம்பு அடிக்கக் கூடாது. இங்கிலாந்துக் குடியானவன் பள்ளம் வெட்டி அந்தஸ்து காட்டினான் என்றால், இங்கே அந்தஸ்தைக் காட்டவே முடியாதபடி சுவரின் நிறம் வரைக்கும் சட்டம். அப்படிப்பட்ட வீடு இரண்டு மழைக்காலத்தில் கரைந்து மண்ணோடு மண்ணாகும். மிஞ்சுவது வீட்டைச் சுற்றியிருந்த தோட்டம்தான்: பலா, கமுகு, மிளகுக்கொடி. சிங்களத்தில் இதைக் 'கெவத்த' என்பார்கள், வீட்டுத்தோட்டம். யட்டவத்த என்ற பெயரிலேயே அந்த 'வத்த' இருக்கு, 'கீழ்த்தோட்டம்' என்று பிரித்துப் பொருள் சொல்லலாம்.

ஆனால் 'வத்த' என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு. தேயிலை, றப்பர், கொக்கோ பெருந்தோட்டமும் 'வத்த'தான். தமிழில் நமக்கும் அப்படியே, 'தோட்டத்து ஆளுங்க' என்றால் வீட்டுத்தோட்டம் வைத்திருப்பவர்கள் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளை, நாலந்தை தாண்டி மாத்தளைக்கு நடந்து வந்தவர்களின் பிள்ளைகள் நாங்கள். கோப்பிக் காலத்தில் அந்த வழியில் எத்தனை பேர் விழுந்தார்கள் என்பதை வீட்டில் கதையாகக் கேட்டுத்தான் வளர்ந்தோம். வந்தவர்களுக்குக் கொடுத்தது லயம். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று வழமையாகச் சொல்லும் காம்பரா, வரிசையாக, சில இடங்களில் முதுகோடு முதுகு ஒட்டி.

இந்த லயம் தொல்பொருளா? 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் ஒரு திகதியை எல்லையாக வைத்தது: 1815 மார்ச் 2. கண்டி ஒப்பந்தத்தின் நாள். அதற்கு முந்தியது என்றால் தொல்பொருள். பிந்திய பழைய கட்டடங்களையும் வர்த்தமானியில் தனியாக அறிவித்துப் பாதுகாக்க வழி உண்டு, வெள்ளைக்காரர் காலத்துக் கட்டடங்கள் பல அப்படிப் பாதுகாப்பில் இருக்கின்றன. ஆனால் யோசித்துப் பாருங்க. மலையகத் தமிழர் வரத் தொடங்கியதே 1820களில். அந்தத் திகதி எங்களைக் குறிவைத்துப் போடப்பட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனாலும் எங்கள் இருநூறு வருஷமும் கோட்டின் மறுபக்கத்தில் விழுந்துவிட்டது. ஒரு மந்திரி கையெழுத்துப் போட்டாலொழிய எங்கள் பாட்டன் வீடு பழையது ஆகாது.

லயம் உடைபடுவதை எதிர்க்கிறோம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். உடைபடட்டும். ஏழு பேர்ச் காணியும் தனிவீடும் இன்னும் கிடைக்காத குடும்பங்கள்தான் கூட, அதுதான் முதல் பிரச்சினை. லயத்தில் வாழ்கிறவர்களிடம் போய் 'இது மரபுரிமை, அப்படியே வைத்திருங்கள்' என்று சொல்ல ஒருத்தருக்கும் உரிமையில்லை. கம்பளைக்குப் பக்கத்தில் ஒரு பழைய லயத்தையே தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக ஆக்கியிருக்கிறார்கள், அப்படி ஒன்றிரண்டு நின்றால் போதும். மற்றது இடிபடும்போது என்ன செய்கிறோம் என்பதுதான் எங்கள் கேள்வி. இப்போ நடப்பது: பெக்கோ வரும், ஒரு காலைப்பொழுதில் முடியும், மண்ணோடு சேர்த்து அள்ளிக் கீழே கொட்டும்.

அந்த மண்ணுக்குள்தான் எங்கள் அகழி இருக்கு. கான் என்றால் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். மலைச்சரிவில் மண் கரைந்து போகாமல் வெட்டும் கான், லயத்து வாசலில் ஓடும் கான். கான் வெட்டுவது ஒரு தனி வேலை, அதற்குத் தனிக் கணக்கு. சதுர அகழிக்கும் அதற்கும் அந்தஸ்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம், ஆனால் தொல்லியல்காரருக்கு இரண்டும் பள்ளம்தான். அடுப்புச் சாம்பல், உடைந்த பீங்கான், வளையல் துண்டு, போத்தல், பொத்தான், எல்லாம் வாசற்கானில்தான் போய் விழும். தூர் வாரும்போது அந்தச் சேற்றைக் கீழ்ப்பக்கம் கொட்டுவார்கள், ஆகவே பழையது கானுக்குள் இருக்காது, கானுக்குக் கீழேயுள்ள மண்மேட்டில் இருக்கும். இங்கிலாந்துக்காரர்கள் தங்கள் திடல்களில் படித்த பாடம் இங்கேயும் செல்லும். கடல் தாண்டி வந்தவர்களுக்குக் கொடுத்த அந்தப் பழைய தகர டிக்கட் ஒன்று எங்காவது கிடக்கிறதென்றால், அது அந்த மாதிரி மேட்டில்தான் கிடக்கும். அதற்கு ஒரு குடும்பத்தின் வரலாறே தெரியும்.

அனுமதியில்லாமல் யாரும் மண்வெட்டி எடுத்துக்கொண்டு போய்த் தோண்டக் கூடாது, புதையல்காரன் செய்வதை நாமும் செய்ததாகிவிடும். ஆனால் அளப்பதற்கும் எழுதுவதற்கும் எந்தக் கையெழுத்தும் தேவையில்லை. லயம் உடைக்கும் திகதி தெரிந்தவுடன் ஒரு டேப்பும் கொப்பியும் எடுத்துக்கொண்டு இரண்டு பேர் போனால் போதும், கூடவே அங்கே பிறந்து வளர்ந்த ஒரு பாட்டியும். எத்தனை காம்பரா, கதவு எந்தத் திசை, அடுப்பு எந்த மூலை, சாமிப்படம் எந்தச் சுவர், யார் எந்தக் காம்பராவில் இருந்தார்கள், கான் எந்தப் பக்கமாக ஓடியது, அதைக் கடைசியாக எப்போது தூர் வாரினார்கள், அந்த மண்ணை எங்கே கொட்டினார்கள்.